பழைய கொல்னாகோ சைக்கிள் ஃப்ரேம்: புதுசா பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி:
70கள் கடைசில வந்த ஒரு கொல்னாகோ (இத்தாலிய ரேஸ் சைக்கிள்) கைக்கு வந்திருக்கு, கொலம்பஸ் கம்பெனி ஸ்டீல் ட்யூப், பின்னாடி கேம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்ட் டீரெய்லர் (செயினை நகர்த்தி கியர் மாத்துற பாகம்). குரோம் துருப்பிடிச்சிருக்கு, பெயிண்ட் அங்கங்க உதிர்ந்திருக்கு, ஆனா கொல்னாகோவோட அந்த க்ளோவர் இலை ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருக்கு. மொத்தமா சுரண்டிட்டு பெயிண்ட் அடிச்சிடலாமா? பாட்டம் பிராக்கெட்ல (பெடல் அச்சு சுத்துற இடம்) வலது பக்க கப் (பேரிங்கைப் பிடிச்சிருக்குற மரை போட்ட மூடி) வேற அசையவே மாட்டேங்குது.

பதில்:
தயவுசெஞ்சு சுரண்டாதீங்க! ஒரிஜினல் பெயிண்ட் ஒருதடவை போனா போனதுதான். குரோமை அலுமினியம் ஃபாயில்ல தண்ணி தொட்டு மெதுவா தேய்ங்க, மேல்துரு போயிடும், உதிர்ந்த இடத்துல மட்டும் டச்சப் பண்ணி மேல மெழுகு போடுங்க போதும்.

பதில்:
அந்த கப்பைக் கழட்ட, முதல்ல ஷெல் (ஃப்ரேம்ல கப் மாட்டுற குழாய்) அகலத்தை அளந்து பாருங்க. 70 மி.மீ. இருந்தா இத்தாலியன் த்ரெட், ரெண்டு பக்கமும் வலது மரைதான், அதனால அந்த கப்பையும் இடஞ்சுழியா திருப்பித்தான் கழட்டணும். 68 வந்தா இங்கிலீஷ் த்ரெட், வலது பக்கம் மரை தலைகீழ், வலஞ்சுழியா திருப்பிக் கழட்டணும். இத்தாலியன்ல வலது கப் ஓட்ட ஓட்ட லூசாகும், அதுக்குன்னே அந்தக் காலத்துல வெறித்தனமா முறுக்கி வச்சிருப்பாங்க. பெனட்ரேட்டிங் ஆயில் (இறுகின மரைக்குள்ள ஊறிப்போற எண்ணெய்) விட்டு ராத்திரி முழுக்க ஊறவைங்க, சரியான டூல் இல்லாம சுத்தியலால தட்டாதீங்க.

பதில்:
டீரெய்லர் மேல பேட்டன்ட்னு போட்டு பக்கத்துல ரெண்டு இலக்கம் இருக்கும் பாருங்க, 78னு இருந்தா 1978ல செஞ்சது. ஒழுங்கா முடிச்சிட்டீங்கன்னா இத்தாலில கயோலே இன் கியாந்தி ஊர்ல நடக்குற லெரோய்கா சைக்கிள் பயணத்துல ஓட்டலாம், 1997ல ஆரம்பிச்சது, மண் ரோட்டுல பழைய சைக்கிள்களுக்குன்னே நடத்துறாங்க. அதுக்கு ஷிஃப்டர் (கியர் மாத்துற லிவர்) டவுன்ட்யூப்லயே (ஃப்ரேம்ல சாய்வா கீழ வர்ற குழாய்) இருக்கணும், அதை மட்டும் மாத்திடாதீங்க.