ரகசிய வாக்கு சரியாக எண்ணப்பட்டது என்பதைச் சாதாரண வாக்காளர் எப்படி உறுதிசெய்துகொள்வது?

கேள்வி – இளந்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன்.

நான் யாருக்கு வாக்களித்தேன் என்பது எந்த அதிகாரிக்கும், எந்தக் கட்சிக்காரருக்கும், என் வீட்டாருக்கும்கூடத் தெரியாது. அதுதான் எனக்குப் பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்குள் விழுந்த கணமே என் வாக்கு மற்ற வாக்குகளோடு கலந்துவிடுகிறது. பிறகு இதுதான் என்னுடையது என்று நானே நினைத்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. வங்கியில் போட்ட பணம் குறைந்தால் ரசீதை நீட்டிக் கணக்குக் கேட்கலாம். வாக்குக்கு அந்த வழியும் இல்லை. இதைப் பற்றிக் கேட்டால், சிலர் அதிகாரிகளை நம்பச் சொல்கிறார்கள், சிலர் எல்லாமே மோசடி என்கிறார்கள். இந்த இரண்டுமே எனக்கு விடையாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகளாக ஒரே சாவடியில் வாக்களித்துவந்த என் தாயாரிடம் சென்ற தேர்தலில் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பியவர், அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. வாக்குரிமை உண்மையில் எந்த இடத்தில் பறிபோகிறது, எண்ணிக்கையை எதை வைத்து நம்புவது என்ற இரண்டையும் அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – சாவடிக்காரர்

அம்மா, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் முதலில் அதற்கே பதில் எழுதுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பட்டியலிலிருந்து ஒரு வரி காணாமல் போவது, அந்த வரிக்குரியவர் வாக்களிக்க வந்து நிற்கும் வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் வாக்குரிமையைப் பறிக்க நினைத்தவர்கள் எந்தக் காலத்திலும் பட்டியலில் கைவைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1870-இலேயே வந்துவிட்டது. இருந்தும் மிசிசிப்பி மாநிலத்தில், அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவை எடுத்துக் கொடுத்து, பதிவு அதிகாரி திருப்தியடையும்படி விளக்கம் எழுதச் சொல்லும் தேர்வு இருந்தது. திருப்தியா இல்லையா என்பதை அந்த ஒரே மனிதர் முடிவு செய்தார். தகுதியுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு 7 பேர்கூடப் பதிவாகியிருக்கவில்லை. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் அத்தகைய தேர்வுகளை நிறுத்தி, தேவைப்பட்ட இடங்களுக்கு மத்திய அரசின் அலுவலர்களை அனுப்பியது. இரண்டே ஆண்டுகளில் அதே மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் பதிவாகிவிட்டார்கள். மக்கள் மாறவில்லை, பதிவு மேசையில் இருந்த அதிகாரம்தான் மாறியது.

அண்மைக் காலத்திலும் இது நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில், தண்டனை பெற்றவர்களின் பெயர்களை நீக்குவதற்காகத் தயாரித்த பட்டியலில், பெயர் ஓரளவு ஒத்துப்போனாலே போதும் என்ற தளர்ந்த அளவுகோலால் குற்றமே செய்யாத பலர் சேர்ந்துவிட்டார்கள். அவ்வாண்டு அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தில் வெற்றி வித்தியாசம் 537 வாக்குகள்.

நீக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களின் பெயர்கள் பட்டியலில் கிடந்தால் அவற்றின்மேல் கள்ள ஓட்டு விழும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை பெண் ஒருவர் உள்ளே வந்தபோது அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே வேறொரு கையெழுத்து இருந்தது. இந்தியத் தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி, தம் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால் போடும் டெண்டர் ஓட்டை வாக்குச்சீட்டில் போட அவருக்கு வாய்ப்பளித்து, அதைத் தனி உறையில் வைத்தோம். ஆனால் அந்த உறை வழக்கமான எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் பிரிபடும் என்று அவரிடம் சொல்ல எனக்கே நா எழவில்லை. ஆகவே நீக்கம் எப்படி நடக்கிறது என்பதே முக்கியம். நீக்கும் முன் எழுத்து மூலம் அறிவிப்பு, மறுப்புச் சொல்ல அவகாசம், காரணத்தோடு பெயர்களைப் பொதுவில் ஒட்டுவது ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான தவறுகள் வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வெளிவந்துவிடும். வரைவுப் பட்டியல் வெளியாகும் வாரத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொரு பெயரையும் பார்த்துவிடுங்கள். விட்டுப்போன பெயரைச் சேர்க்க இறுதிப் பட்டியல் வந்த பிறகும் விண்ணப்பிக்கலாம்; ஆனால் வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால் எந்த அலுவலரிடம் சென்றாலும் அவர் கைகள் கட்டப்பட்டிருக்கும்.

பதில் – கூட்டல்கணக்கு

சாவடிக்காரர் ஐயா பட்டியலைச் சொன்னார். நான் எண்ணிக்கையைச் சொல்கிறேன். என் வாக்கு எங்கே என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இந்தச் சாவடியில் எத்தனை பேர் வாக்களித்தார்கள், யாருக்கு எத்தனை விழுந்தன, அந்த எண்கள் மேலே போய் எந்தக் கூட்டுத்தொகையில் சேர்ந்தன என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்க வேண்டும். உங்களுக்கான ரசீது அந்தத் தாள்தான். தனி ஒருவருக்கு இல்லாமல் சாவடிக்கே உரிய ரசீது அது.

வாக்குப்பதிவு தொடங்கும் முன் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் பெட்டியைக் கவிழ்த்துக் காலியாக இருப்பதைக் காட்டுகிறார்கள். முடிந்ததும் கொடுத்த சீட்டுகள், மீதமான சீட்டுகள், கையெழுத்திட்டவர்கள் என மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் பதிவான மொத்த வாக்குகளை 17சி படிவத்தில் எழுதி, வந்திருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் பிரதியைத் தர வேண்டும். மறுநாளோ ஒரு மாதம் கழித்தோ எண்ணும்போது அதே சாவடியின் எண் வேறாக இருந்தால், பிரதியை வைத்திருப்பவர் அங்கேயே கைகாட்டலாம்.

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தலில் நடந்ததை இதற்காகவே அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தேர்தல் ஆணையத்தின் எண்ணிக்கை மையத்தில் கணினிகளில் அமர்ந்திருந்த 30-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், தாங்கள் பதிவு செய்த எண்கள் ஒருவிதமாகவும் பொதுப் பலகையில் தெரிந்த எண்கள் வேறுவிதமாகவும் இருப்பதைக் கண்டு, எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். குடிமக்கள் அமைப்பான நாம்ஃப்ரெல் சாவடி வாரியாகத் தனியே கூட்டிவந்த கணக்கு இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டு கணக்குகள் இருந்ததால்தான் எது பொய் என்று கேட்கவே முடிந்தது.

மலாவியில் 2019 மே மாதத் தேர்தலின் முடிவுத் தாள்கள் பலவற்றில் எண்களின்மேல் ஒயிட்னர் பூசித் திருத்தியிருந்தார்கள். அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தத் தாள்களைப் பார்த்து 2020 பிப்ரவரியில் தேர்தலையே ரத்து செய்தது. ஜூனில் நடந்த மறுதேர்தலில் பதவியிலிருந்த அதிபர் தோற்றார். கென்யாவில் 2017 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலை உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1 அன்று செல்லாது என்று அறிவித்ததற்கும், சாவடி முடிவுகள் மேலே அனுப்பப்பட்ட விதமே முதன்மையான காரணம். இவை எல்லாம் சாவடிக்கு வெளியே, எண்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள்.

பதில் – வெண்பலகை

கூட்டல்கணக்கு எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் இரண்டு இடங்களில் மாறுபடுகிறேன்.

முதலாவது, இளந்தென்றல் ஏங்கும் தனி ரசீது. அது கிடைத்தால் வாக்குரிமை பலப்படாது, விலைக்குப் போய்விடும். நான் யாருக்கு வாக்களித்தேன் என்பதை என்னாலேயே நிரூபிக்க முடியுமானால், பணம் கொடுத்தவரும் மிரட்டியவரும் அந்த நிரூபணத்தைக் கேட்பார்கள். பிரிட்டனில் 1872 வரை வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் வேட்பாளரின் பெயரைச் சொல்லித்தான் வாக்களித்தார். நிலவுடைமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது குத்தகைக்காரர் வேறு பெயரை எப்படிச் சொல்வார்? ஆஸ்திரேலியக் குடியேற்றங்களான விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் 1856-இல் அச்சிட்ட வாக்குச்சீட்டோடு ரகசிய வாக்கைக் கொண்டுவந்த பிறகே இந்தப் பிடி தளரத் தொடங்கியது.

இரண்டாவது, முகவர்கள் விழிப்பாக இருந்தால் போதும் என்ற எண்ணம். முகவர் இல்லாத சாவடிகள் உண்டு. வேட்பாளருக்கு ஆள்பலம் இல்லாத இடங்களும், முகவராக உட்கார அஞ்சும் இடங்களும் உண்டு. இயந்திரம் வந்த பிறகு முகவருக்குக் கண்ணால் பார்க்க எதுவும் இல்லாத நிலையும் ஏற்படுகிறது. ஜெர்மனியில் 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்குக் கணினிகளைப் பற்றி 2009 மார்ச் மாதம் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கணினிகள் தவறாக எண்ணின என்று எங்கும் சொல்லவில்லை. தேர்தலின் முக்கியமான படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றும், அந்தக் கணினிகளில் அதற்கு வழியில்லை என்றும் சொல்லியே அவற்றைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்றது. இந்தத் துறையில் நான் படித்த தீர்ப்புகளில் இதையே மிகவும் மதிக்கிறேன்.

இயந்திரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். காகிதம் ஒன்று கூடவே இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு பகுதியையாவது கையால் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியாவில், இயந்திரத்தில் போட்ட வாக்கை அச்சிட்டுக் காட்டும் ஒப்புகைச் சீட்டு வாக்காளர் கண்முன் 7 நொடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் தேர்ந்த 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017-இல் மாநிலம் முழுவதும் நடத்திய தணிக்கை முறையில், எத்தனை சீட்டுகளை எடுத்துப் பார்ப்பது என்பதை வெற்றி வித்தியாசமே தீர்மானிக்கிறது. வித்தியாசம் குறையக் குறைய எடுக்கும் சீட்டுகள் கூடும். எல்லாத் தொகுதிக்கும் ஒரே எண்ணிக்கை என்பதைவிட இதுவே நியாயமான கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்திரியாவையும் சொல்லியாக வேண்டும். 2016 மே மாத அதிபர் தேர்தலில் வித்தியாசம் 30,863 வாக்குகள். சில மாவட்டங்களில் தபால் வாக்கு உறைகளைக் குறித்த நேரத்துக்கு முன்பே, உரிய சாட்சிகள் இல்லாமல் பிரித்துவிட்டார்கள். யாரும் எண்ணை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் விதி மீறிக் கையாளப்பட்ட வாக்குகள் வித்தியாசத்தைவிட அதிகம் என்பதால் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடியும் வாக்களித்தார்கள். அதே வேட்பாளரே, இன்னும் கூடுதல் வித்தியாசத்தில், வென்றார்.

இளந்தென்றல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தனி ரசீது வேண்டும் என்ற என் எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பது வெண்பலகை சொன்ன பிறகே உறைத்தது. தாயாரின் பெயரைச் சேர்க்க இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். அடுத்த தேர்தலில் முகவராக உட்காரவும் முடிவு செய்திருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்த 17சி தாளின் பிரதியைத் தர மறுத்தால் என்ன செய்வது?

சாவடிக்காரர்

வாக்குவாதத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள், அம்மா. பிரதி கேட்டதையும் மறுத்ததையும் நேரம் குறிப்பிட்டுக் கைப்பட எழுதி, தலைமை அலுவலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். அதையும் மறுத்தால் மற்ற முகவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு அனுமதி இல்லாத இடம் என்பதால் எண்களை வெள்ளைத் தாளில் நீங்களே படியெடுக்க வேண்டியிருக்கும். பேனா இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவே தொகுதியின் தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் புகாரை எழுத்தில் அனுப்புங்கள். கென்யாவில் அதிபர் தேர்தலை எதிர்த்து மனுச் செய்ய முடிவு அறிவித்ததிலிருந்து 7 நாள்தான் அவகாசம். இந்தியாவில் தேர்தல் மனுவுக்கு 45 நாள் உண்டு. அந்த நாள்கள் ஓடிவிட்டால் எவ்வளவு தெளிவான சான்றாக இருந்தாலும் நீதிமன்றம் வாங்காது. எனவே முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே கோப்பில் சேர்த்து வாருங்கள்.