காட்சிக்கூடத்துக்கும் தமிழ் இருக்கைக்கும் நிதி திரட்டியவர்களே, மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

காவிரிக்கரையான்:
எங்கள் ஊரின் பழைய பள்ளிக் கட்டடத்தில் சிறிய காட்சிக்கூடம் ஒன்றைத் தொடங்க நிதி திரட்டிய கதையை விட்டுவிடுகிறேன். ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு அது தெரிந்ததுதான். திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி வந்தார். கையில் பணமில்லை என்று சொல்லி, நெல் அளக்கும், மாமனார் காலத்து மரக்காலைக் கொடுத்தனுப்பியவர் அவர். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்களை வாசலில் கருங்கல்லில் பொறித்திருந்தோம். ஒருவரது தலைப்பெழுத்து பிழையாகிவிட்டதால் அந்தக் கல்லை ஒருமுறை மாற்றியும் இருந்தோம். மூதாட்டி அதன் பக்கம் திரும்பவே இல்லை. நேரே உள்ளே சென்று, கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்து, அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்: ‘படி. நெல் அளக்கப் பயன்பட்டது. நன்கொடை: ஊர்மக்கள்.’

“என் பேரு இல்லாட்டிப் போகுது தம்பி. எட்டுப் படி கொள்ளுற மரக்காலைப் போய்ப் படின்னு எழுதி வச்சிருக்கீங்களே, களத்துல நின்ன ஆளு ஒருத்தர்கூடவா உங்களுக்குக் கிடைக்கல?”

அட்டையை அன்றே மாற்றினோம். ஆனால் நெல் அளந்த கை எங்கள் குழுவில் ஒன்றுகூட இல்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

பேரேடு:
கல்வெட்டைக் குறைசொல்வதுபோல் காவிரிக்கரையான் எழுதியிருப்பது எனக்கு ஏற்புடையதன்று. அந்தப் பெயர்கள் இல்லாமல் உங்கள் கூடத்துக்குக் கூரை ஏறியிருக்காது.

என் அனுபவம் சிறியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 5,000 ரூபாயை ரொக்கமாக நீட்டினார். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வரிக்கழிவு கிடையாது என்று விளக்கினேன். நோட்டுகளை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காசோலையாகத் தருவதாகச் சொல்லிச் சென்றார்; திரும்பி வரவில்லை. அவர் வரிக்கழிவு கேட்கவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது சேர்க்கைப் பதிவேடு. பொருள் உள்ளே வந்த அன்றே வரிசை எண், கொடுத்தவர் பெயர், நாள், அளவு, ஏற்கெனவே உள்ள கீறல், ஒடுக்கு ஆகியவற்றையெல்லாம் குறித்து, அதே எண்ணைப் பொருளின் அடிப்பக்கத்தில் சிறிதாக எழுதிவிட வேண்டும். தானமா, இரவலா என்று கையொப்பம் பெறாவிட்டால், பத்தாண்டு கழித்துப் பேரன் வந்து திருப்பிக் கேட்கும்போது விழிக்க வேண்டியிருக்கும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுவதாயிருந்தாலும் இந்தத் தாள்கள் உதவும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுக்கு உட்பட்டவை, மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். பண்பாட்டு மரபைக் காப்பதும் அதற்குரிய பணிகளில் ஒன்று. ஆனால் கணக்கும் பதிவும் இல்லாத இடத்துக்கு எந்த நிறுவனமும் வராது.

ஸ்காபரோவிலிருந்து:
டொராண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்காக 30 லட்சம் கனேடிய டாலர் திரட்டப்பட்ட காலத்தில், ஒரு திருவிழாவில் உண்டியலோடு நின்றேன். தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் கொடுத்ததைச் செய்திகள் சொல்லின; நான் நின்ற மேசைக்கு வந்தவை பெரும்பாலும் ஐந்து டாலர், பத்து டாலர் தாள்களே. யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், 1981-இல் நூலகம் எரிந்த மறுநாள் அந்தத் தெருவில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருபது டாலரை மடித்துப் போட்டார். திரட்டிய தொகையைத் தொடாமல், அதன் வருவாயைக் கொண்டு இருக்கையின் பேராசிரியர் பதவி என்றும் நிலைக்கும் என்று மனப்பாடமாய் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி தம்பி, நான் போய் ஒருநாள் அந்த வகுப்பிலை இருந்து கேக்க விடுவினமோ?” என்றார்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. பேரேடு அவர்கள் சொல்லும் தாள்கள் எல்லாம் எங்களிடமும் ஒழுங்காக இருந்தன. இந்தக் கேள்விக்குத்தான் அவற்றில் இடமில்லை.

காவிரிக்கரையான்:
பேரேடு அவர்களுக்கு: பதிவேடு அப்போதே இருந்தது. எண், நாள், உயரம், விளிம்பில் உள்ள ஒடுக்கு எல்லாம் அதில் சரியாக உள்ளன. பொருளின் பெயர் என்ற இடத்தில் ‘படி’ என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.