வரி அகலத்தைத் தாண்டிய படம் நடுவில் நிற்க மறுத்த கதைகள்

ஆய்வுக் கட்டுரை எழுதியவர்:

கட்டளைகள் எழுதி ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக் என்னும் நிரலில் நான் எழுதிய கட்டுரையில், ஒரு வரைபடத்தின் அச்சுக் குறிப்புகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக இருந்ததால், படத்தின் அகலத்தை வரி அகலத்தைப்போல் 1.2 மடங்கு ஆக்கினேன். நடுப்படுத்தும் சென்டரிங் கட்டளை இருக்கும்போது மிகுதி இருபுறமும் சமமாகப் பிதுங்கும் என்று நம்பினேன். ஆனால் இடது விளிம்பு பத்தியோடு ஒட்டி நிற்க, மிகுதி முழுவதும் வலப்பக்க ஓரத்தில் போய் நின்றது. வரிப் பெட்டியின் அகலம் 69 பாயிண்ட் (அச்சு அளவு அலகு) அதிகம் என்று நிரலின் பதிவுக் கோப்பு எச்சரித்தது. 10 பாயிண்ட் எழுத்தில் ஆர்ட்டிகிள் வகுப்பின் (கட்டுரைக்கான ஆயத்த வடிவமைப்பின்) வரி அகலம் 345 பாயிண்ட். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்த 69.

அதில் பாதியான 34.5 பாயிண்டை எதிர்மறை இடைவெளியாகக் கொடுத்துப் படத்தை இடப்பக்கம் இழுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது, எழுத்தை 12 பாயிண்டாக மாற்றும் வரை. வரி அகலம் 390 ஆனதும் தேவைப்பட்ட நகர்வு 39 ஆகிவிட, படம் மீண்டும் கோணிக்கொண்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. சென்டரிங் வரியின் இருபுறமும் வைக்கும் இடைவெளி தேவைக்கேற்ப நீளுமே தவிர, பூச்சியத்துக்குக் கீழே சுருங்காது. ஆகவே படம் வரியைவிட அகலமானால், இரண்டு இடைவெளிகளும் பூச்சியமாகவே நின்று, படம் இடது ஓரத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. சொன்ன அகலத்தில் ஒரு பெட்டி அமைக்கும் மேக்பாக்ஸ் கட்டளைக்கு வரி அகலத்தைக் கொடுத்து அதற்குள் படத்தை வைத்தால், உள்ளே இருபுறமும் உள்ள இடைவெளி நீளவும் சுருங்கவும் செய்யும். எழுத்தளவை எப்படி மாற்றினாலும் நடு நடுவாகவே இருக்கிறது.

நூல் வடிவமைப்பவர்:

அந்த வழியில் ஒரு பொறியும் உண்டு. பெட்டியின் அகலம் வரி அகலத்துக்குச் சமம் என்றே நிரல் எண்ணிக்கொள்வதால் எச்சரிக்கை வராது. படம் தாளையே தாண்டினாலும் வராது. இருபக்க அச்சில் உள் ஓரம் வெளி ஓரத்தைவிடக் குறுகலாக அமைவதால், வரிக்கு நடுவில் நின்ற எனது படம் ஒன்றின் உட்பகுதி நூலின் தையல் கட்டுக்குள் புதைந்துபோனது. பிறகு சேஞ்ச்பேஜ் என்னும் லேடெக் துணைத் தொகுப்பின் உதவியோடு, ஒற்றைப் பக்கமா இரட்டைப் பக்கமா என்று பார்த்து, மிகுதியை வெளி ஓரத்துக்குத் தள்ளினேன். பக்க எண்ணைச் சரியாக அறிய ஆவணத்தை நிரலில் இருமுறை ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு நான் அரை நாள் நிரலைத் திட்டியிருக்கிறேன். படவிளக்கம் வரியின் நடுவில்தான் அமர்கிறது என்பதால், ஓரம் தாங்கும் வரை படத்தையும் வரிக்கே நடுப்படுத்துவதுதான் கண்ணுக்கு நல்லது என்பது என் கருத்து.

அறிக்கைகள் தயாரிப்பவர்:

மேக்பாக்ஸ் போட்டும் என் படம் வலப்பக்கம் சாய்ந்தே தெரிந்தது. எஃப்பாக்ஸ் கட்டளையால் படத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து பார்த்தேன். கோடு சரியாக நடுவில் இருந்தது. படக்கோப்பின் உள்ளேதான் இடப்பக்கம் விரல் அகலத்துக்கு வெற்று வெள்ளை இருந்தது. ட்ரிம், க்ளிப் என்னும் இரண்டு விருப்பங்களால் அதை வெட்டியதும், படம் வரி அகலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.