கரை தெரியாத எட்டு நாள்: கப்பலில் இருந்தவங்க சொல்லுங்க

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி:

ஹோட்டல் பாடசாலையில ஹவுஸ்கீப்பிங் முடிச்சிட்டேன். சீடிசி புத்தகம் (கப்பல் பணியாளருக்கான பதிவுப் புத்தகம்), மெடிக்கல் எல்லாம் சரி. நவம்பர்ல கப்பலேறணும். அட்டவணையில லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் தாஹிட்டித் தீவுக்கும் நடுவுல எட்டு நாள் வெறும் "கடலில்"னு போட்டிருக்கு, ஒரு துறைமுகமும் இல்ல. நான் கடல் பார்த்ததே மூணு தடவை, மூணும் கொழும்பு காலிமுகத்திடல். வாந்தி வருமா? வேலை குறையுமா? மனசு தாங்குமா? வீட்டுல அம்மா பயப்படுறாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

மஸ்கெலியாவிலிருந்து, ஆறு ஒப்பந்தம் முடித்த கெபின் பணியாளர்:

தம்பி, அதே பாதையில நான் போயிருக்கேன். கிட்டத்தட்ட 6,600 கிலோமீற்றர், நடுவுல ஒதுங்க ஒரு ஊர் கிடையாது.

வேலை குறையாது, கூடும். துறைமுக நாள்ல பயணிகள் காலையில இறங்கிப் போயிடுவாங்க, கெபின் நம்ம கையில இருக்கும். கடல் நாள்ல ரெண்டாயிரம் பேரும் கப்பலுக்குள்ளேயேதான். கதவுல "தொந்தரவு செய்யாதீங்க" அட்டை பதினொரு மணி வரைக்கும் தொங்கும். அதுக்கப்புறம் எல்லாக் கதவும் ஒரே நேரத்துல திறக்கும். நீச்சல்குளத்துத் துவாயே மலை மாதிரி குவிஞ்சிடும். ஒரு விஷயம் மனசுல வச்சுக்குங்க: 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் சமவாயப்படி 24 மணித்தியாலத்துல குறைஞ்சது 10 மணித்தியாலம் ஓய்வு, ஏழு நாள்ல 77 மணித்தியாலம். என் முதல் ஒப்பந்தத்துல இது எனக்குத் தெரியாது. மேற்பார்வையாளர் நீட்டின நேரத்தாள்ல வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நீங்க வாசிச்சிட்டுப் போடுங்க. தேயிலைத் தோட்டத்துல நம்ம தாய்மார் அரைப் பேருக்கும் (அரைநாள் சம்பளம்) முழுப் பேருக்கும் (முழுநாள் சம்பளம்) எவ்வளவு வாய் கொடுத்துப் பழகினவங்க, அந்தப் பழக்கம் நமக்கு எதுக்கு விட்டுப்போகணும்?

ஏறின உடனே பாதுகாப்புப் பயிற்சி. ஏழு தரம் குறுக்கி, ஒரு தரம் நீட்டி ஊதும். அவங்க மஸ்டர்ம்பாங்க. எனக்குக் காதுல விழுந்தது நம்ம தோட்டத்துப் பெரட்டுத்தான், காலையில வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுறது. விடிய ஆறரைக்கு அம்மா நின்ன அதே வரிசை, கையில கொழுந்துக் கூடைக்குப் பதிலா லைஃப் ஜாக்கெட்.

வாந்தி பத்தி. கப்பலோட ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள செட்டை மாதிரி இருக்கும், பக்கவாட்டு ஆட்டத்தை அது அடக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுறதை அதால அடக்க முடியாது. முதல் ரெண்டு நாள் எனக்கு அதுதான் பட்டது. வெறும் வயித்தோட இருக்காதீங்க. பழைய ஆட்கள் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கையில வச்சிருப்பாங்க, கேட்டா தருவாங்க. நான் கூடவே இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ குடிச்சேன். மூணாம் நாள் கால் பழகிடும். அதுக்கப்புறம் கரையில இறங்கினாத்தான் தரை ஆடுற மாதிரி இருக்கும்.

நீங்க மனசைக் கேட்டீங்களே, அதுதான் பெரிய விஷயம். நம்ம கெபின் தண்ணி மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. ரெண்டு தட்டுக் கட்டில், ஒரு திரை. முழிச்சா பகலா ராவான்னு தெரியாது. இயந்திர இரைச்சல் மட்டும் நிக்காம கேட்கும். எனக்கு அது ஒரு வகையில ஆறுதல், ஏன்னா எங்க லயம், அதான் தோட்டத்து வரிசை வீடு, ஸ்டோருக்குப் பின்னால, தேயிலை ஃபெக்டரியைத்தான் ஸ்டோர்ம்போம். ராத்திரியெல்லாம் கொழுந்து வாட்டுற காத்தாடிச் சத்தத்துல தூங்கி வளந்தவன் நான்.

தாங்க முடியாதது கண்ணுக்கு. நமக்குப் பொறந்ததுல இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வையைப் பிடிச்சு நிறுத்த ஒரு மலை இருக்கும். அங்க ஒண்ணுமே இல்ல. பார்வை போய்க்கிட்டே இருக்கும். நாலாம் நாள் பணியாளர் தளத்துல நின்னு சுத்திப் பார்த்தேன். வட்டமா தண்ணி, அதுக்கு மேல வானம், வேற கப்பல் ஒண்ணு கிடையாது. நெஞ்சடைச்ச மாதிரி ஆச்சு. கீழே போய்த் திரையை இழுத்துவிட்டு அழுதேன். அதுக்கப்புறம் தூத்துக்குடிக்கார அண்ணன் ஒருத்தர் பழக்கிவிட்டார்: வேலை முடிஞ்சதும் தினமும் அஞ்சு நிமிஷம் மேல வா, தூரத்தைப் பார்க்காத, கப்பலுக்குக் கிட்டப் பாருன்னு. அப்படிப் பார்க்கப் போய்த்தான் பறவைமீன் கண்ணுல பட்டுச்சு. நீலத் தண்ணியிலிருந்து கைப்பிடி அளவு வெள்ளி தெறிச்ச மாதிரி பத்துப் பதினைஞ்சு ஒண்ணா எழும்பி, அலை மேலேயே வழுக்கிக்கிட்டுப் போய் விழும். அடுத்த நாள்ல இருந்து அதுக்காகவே போனேன்.

இன்னொண்ணு, அந்தப் பயணம் மேற்கு நோக்கி. ரெண்டு ராத்திரி கடிகாரத்தைப் பின்னால திருப்புவாங்க, ஒரு மணித்தியாலம் கூடத் தூங்கலாம். பணியாளர் எல்லாருக்கும் அன்னைக்குத் திருவிழா.

நோர்வூட்டிலிருந்து, கப்பலில் வேலை செய்பவரின் மனைவி:

தம்பி, அம்மா பயப்படுறாங்கன்னு எழுதினதாலதான் நான் எழுதுறேன். எங்க வீட்டுக்காரர் முதல் தடவை அப்படி நீளமா கடல்ல போனப்ப போன் இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அனுப்பின மெசேஜ் ஒத்த டிக்கோட அப்படியே நின்னுச்சு. காய்ச்சல் வந்து, மருந்து எடுத்து, சுகமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போய், அதுக்கப்புறம்தான் அவர் அதை வாசிச்சார். இப்ப ஸ்டார்லிங்க் வந்த கப்பல்கள்ல நடுக்கடல்லயும் பேசலாம், ஆனா பல கப்பல்கள்ல பணியாளர் தன் காசுலதான் வாங்கணும். எந்தத் தேதி கரை சேருவீங்கன்னு அம்மாவோட கலண்டர்ல உங்க கையாலேயே வட்டம் போட்டுட்டுப் போங்க. நான் அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நாளை ஓட்டினேன்.

பதுளையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

நான் பயணியாகப் போனவள். இலண்டனில் தாதியாக இருக்கும் மகள் என்னைக் குயின் மேரி 2 கப்பலில் சவுத்ஹாம்ப்டனிலிருந்து நியூயோர்க் வரை அழைத்துச் சென்றாள். ஏழு இரவுகள், இடையில் எங்கும் நிற்காத பயணம். அதில் ஒரு பெரிய நூலகம் உண்டு. நான் பாதி நாள் அங்கேதான் இருந்தேன்.

எங்கள் சனத்துக்குக் கப்பல் என்ற சொல்லே வேறு. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் என் பெரியம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனது. தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) புறப்படும்போது அம்மா ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்தவள் நான். மூன்று நான்கு மணித்தியாலக் கடல்தான். ஆனால் பெரியம்மாவை நாங்கள் திரும்பப் பார்க்கவே இல்லை. 1984இல் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. அதனால் சவுத்ஹாம்ப்டனில் கப்பல் கரையை விட்டு விலகியபோது மகளின் கையை நான் இறுகப் பிடித்திருந்தேன். அவளுக்குக் காரணம் விளங்கவில்லை. மூன்றாம் நாள்தான் சொன்னேன். கடல் நாட்களில் அப்படிப் பேச நேரம் கிடைக்கிறது. நாற்பது வருடமாகச் சொல்லாததை அந்த ஏழு நாளில் சொன்னேன்.

பிற்பகல் மூன்றரைக்குத் தேநீர் உபசாரம். வெள்ளைக் கையுறை போட்ட பிள்ளைகள் வெள்ளிக் கேத்தலில் ஊற்றுகிறார்கள். கடல் நீரிலிருந்து கப்பலிலேயே நன்னீர் எடுப்பார்கள் என்று மகள் சொன்னாள். நான் கோப்பையைச் சாய்த்து ஓரத்தில் சாயத்தைப் பார்த்தேன். மலையிலிருந்து வரும் நம் பீலித் தண்ணீரில் விழும் செம்பொன் விளிம்பு அதில் இல்லை, கொஞ்சம் மங்கல். ஊற்றிய பிள்ளை சிரித்துக்கொண்டே ஏதாவது குறையா என்று கேட்டான். என் அம்மா கொழுந்தெடுத்தவர் என்று சொன்னேன். அவன் கேத்தலை மேசையில் வைத்துவிட்டு, "என் அம்மாவும் வயல் வேலைதான், பிலிப்பைன்ஸில்" என்றான். கடைசி நாள் வரை என் மேசைக்கு அவனே வந்தான்.

தலவாக்கலைத் தம்பி:

டீச்சர், அக்கா, அண்ணே, எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பெரட்டுன்னதும் சிரிச்சிட்டாங்க. அண்ணே, எட்டு நாள் முடிஞ்சு கரை பார்த்தப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்கச் சொல்றாங்க.

மஸ்கெலியாவிலிருந்து, கெபின் பணியாளர்:

அம்மாவுக்குச் சொல்லுங்க தம்பி. விடிய அஞ்சே முக்காலுக்கு மேல போனேன். முதல்ல மணம்தான் வந்துச்சு, மழை பெஞ்ச மண்ணும் பச்சை இலையும் கலந்த மணம். எட்டு நாளா உப்பும் பெயின்ட்டும் மட்டும் மோந்த மூக்குக்கு அது எவ்வளவு தூரத்துல இருந்து வந்ததோ. அதுக்கப்புறம் ஒரு மேகம், அசையவே இல்ல. வெளிச்சம் ஏற ஏறப் பார்த்தா அது மலை. அடிவாரத்துல இருந்து உச்சி வரைக்கும் பச்சை, தலையில மட்டும் மூட்டம். பக்கத்துல நின்ன அதிகாரிகிட்ட உயரம் கேட்டேன். ஒரோஹெனா, 2,241 மீற்றர்னார். எங்க இஸ்தோப்புல (வீட்டு முன்விறாந்தையில) நின்னா தெரியிற சிவனொளிபாத மலை 2,243. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, வேலைக்கு மணியாகுற வரைக்கும் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்.