சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களின் பெயர்கள் தேவை

வணக்கம். 1942, 43-இல் ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய் வேலை வாங்கிய 415 கிலோமீட்டர் சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதைக்கு என் தாத்தாவின் அண்ணனும் போனார். திரும்பவில்லை. அவர் பெயர் வெட்டிய பித்தளைச் செம்பு மட்டும் வீட்டில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தே மழுங்கிவிட்டது.

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில், அதே பாதை வேலையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேர் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். காலராவில் செத்த நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் போட்ட கல் இல்லை. நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

மலேசியாவின் பேராக்கில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் பக்கத்தில், போனவர்கள் பெயரோடு ஒரு நடுகல் வைக்கப்போகிறோம். இதுவரை 11 பெயர்தான் கிடைத்திருக்கிறது. பழைய செக்ரோல் (தோட்டத்து ஆள் பதிவேடு), கங்காணி கணக்கு, கடிதம் எது இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பட்டப்பெயர் மட்டும் நினைவிருந்தாலும் போதும்.