சர்பாசி 13(8): இப்போதே ஒரு வரித் திருத்தமா, முழுச் சீர்திருத்தம் வரும்வரை பொறுப்பதா?

கரூரான்:
கடன் தவணை நின்றுபோனால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வங்கி வீட்டை எடுத்து விற்கலாம் என்பது 2002-ம் ஆண்டு சர்பாசி சட்டம். முன்பெல்லாம் விற்பனைக்குக் குறித்த நாள் வரும்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ள முடிந்தது. 2016 திருத்தம் அதை ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பு என்று சுருக்கிவிட்டது, 2023-ல் செலிர் - பாஃப்னா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. 13(8)-வது பிரிவில் இருக்கும் இந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் போதும், இந்தக் கூட்டத்தொடரிலேயே செய்யலாம் என்கிறேன்.

என் அத்தை வீட்டு ஏல விளம்பரத்தை மாமா டீக்கடைப் பேப்பரில்தான் பார்த்தார். நகையை விற்று, ஊரில் இருந்த அரை ஏக்கரைக் கிரயம் பேசி, மச்சானின் பிஎஃப் பணத்தையும் எடுத்து, பதினெட்டே நாளில் முழுத் தொகையோடு போய் நின்றோம். ஏலத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. "அவகாசம் முடிந்துவிட்டது" என்று கிளையில் வாங்க மறுத்துவிட்டார்கள்.

டிஆர்டி வக்கீல்:
தம்பி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு வரித் திருத்தம் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் உங்கள் அத்தை வீட்டைக் கொண்டுபோனதே அவசரமாகப் போட்ட ஒரு திருத்தம்தான். 2016 மசோதா மே மாதம் அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்குப் போய், ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது. அதற்கு முன்னாலும் இதே கதைதான். டிஆர்டி என்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டுமென்றால் வங்கி கேட்கும் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டு என்று இருந்ததை 2004-ல் மார்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த பிறகுதான் அதை ஒட்டுப்போட்டார்கள், 2013-ல் இன்னொரு ஒட்டு. வங்கி கைவைத்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிறது 17-வது பிரிவு, சரி, அங்கே தலைமை அலுவலர் நாற்காலி காலியாகக் கிடந்தால்? சிவில் கோர்ட் கதவை 34-வது பிரிவு அடைத்துவிட்டது. இதையெல்லாம் விட்டுவிட்டு 13(8)-ஐ மட்டும் மாற்றினால், வேலை முடிந்தது என்று இன்னும் பத்து வருஷம் யாரும் தொடமாட்டார்கள்.

கரூரான்:
முழுச் சட்டம் எப்போது வரும் சார்? ஒரு தேதி சொல்லுங்கள், காத்திருக்கிறேன். அதுவரை ஏலத்துக்குப் போகிற வீடுகளை யார் திருப்பித் தருவார்கள்?

ஈரோட்டு வியாபாரி:
ஏலம் எடுக்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள். முன்வைப்புத் தொகை கட்டித்தான் கலந்துகொள்கிறோம், படிந்ததும் 25 சதவீதம், மீதி பதினைந்து நாளில். அதற்காக நான் வெளியில் வட்டிக்கு வாங்குகிறேன். கடைசி நாளில் வீட்டுக்காரர் பணம் கட்டி மீட்டுக்கொள்வார் என்றால் அடுத்த ஏலத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? ஆள் குறைந்தால் விலை படுத்துவிடும், மிச்சக் கடன் அந்த வீட்டுக்காரர் தலையில்தான் ஏறும்.

கரூரான்:
நியாயம்தான். அப்படியானால் ஏலத்துக்கு முந்தின நாள் மாலையோடு முடியட்டும், முன்வைப்புத் தொகைக்கான வட்டியையும் விளம்பரச் செலவையும் மீட்கிறவரே கட்டட்டும். எங்களிடம் கேட்டிருந்தால் மறுபேச்சு இல்லாமல் கட்டியிருப்போம். அசல், வட்டி, செலவு எல்லாம் வந்தபின் வங்கிக்கு என்ன நஷ்டம்?

டிஆர்டி வக்கீல்:
இதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் என்று எழுத வேண்டும். இல்லையென்றால் கோடிக்கணக்கில் பாக்கி வைத்த மில்காரர்கள்தான் முதலில் இதைப் பிடித்துக்கொண்டு ஏலத்தை இழுத்தடிப்பார்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கடனாளிக்குக் கொடுப்பதையும் இதிலேயே சேருங்கள், அதற்குத் தனியாக ஒரு சட்டம் வரும்வரை பொறுக்கத் தேவையில்லை. தீர்ப்பாயக் காலியிடப் பிரச்சினையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்புறம், குடியிருப்பு என்பதை எப்படி நிரூபிப்பது? உங்கள் ஊரில் பாதி வீடுகளில் கீழே தறி, மேலே குடும்பம்.

கரூரான்:
அத்தை வீடும் அதேதான். மாடிக்கு வீட்டு இணைப்பு மீட்டர், கீழே தறி மீட்டர், ரேஷன் கார்டிலும் அந்த முகவரிதான். தறி ஓடுகிறது என்பதற்காக அது வீடு இல்லை என்று எழுதிவிடாதீர்கள் சார், அதில் மட்டும் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.