மாலத்தீவுல ஒரு சின்னத் தீவுக்கு வந்திருக்கேன், இங்க கடற்கரை இடம் மாறுது, இது நார்மலா?

புதுக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். வேலைக்காக மாலேல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற ஒரு சின்னத் தீவுக்கு வந்து கொஞ்ச மாசம் ஆகுது. வந்ததும் முதல்ல கண்ணுல பட்டது, இங்க ஏத்தம் இறக்கம்னு எதுவுமே இல்ல, மலைய விடுங்க ஒரு மேடு கூட கிடையாது, ஆறு ஓடை கிடையாது, கருங்கல்லே கிடையாது, எந்தக் கல்லைக் கையில எடுத்தாலும் பொடிப்பொடியா நட்சத்திர ஓட்டை, எல்லாம் செத்த பவளம். கடல் பக்கம் திரும்பினா கரையோரம் வெளிர்பச்சை, அப்புறம் பழுப்புத் திட்டு, அப்புறம் நீளமா ஒரு நுரைக்கோடு, அதத் தாண்டினதும் சட்டுனு கருநீலம். அந்த அலைச் சத்தம் ராத்திரி எந்தத் தெருவுல நின்னாலும் கேக்குது.

கேக்க வந்தது இதான். வந்தப்ப மேற்குப் பக்கம் நல்ல அகலமான மணல் இருந்துச்சு, தென்மேற்குக் காத்து ஆரம்பிச்சதும் அதுல பாதி காணோம், தென்னை வேரெல்லாம் வெளிய தொங்குது. பாத்ததும் வயித்தக் கலக்கிடுச்சு. தீவு கரையுதா? இன்னொண்ணு, சுத்தி உப்புத்தண்ணி, நடுவுல மட்டும் ஆலமரமும் ஈரப்பலாவும் எப்படி இவ்ளோ பெருசா நிக்குது?

நெய்தல்வாசி:
பயப்படாதீங்க, கிழக்குப் பக்கம் போய்ப் பாருங்க, அங்க மணல் ஏறியிருக்கும். தென்மேற்குப் பருவத்துல அலை ஒரு பக்கமா அடிச்சு மணல தீவச் சுத்தித் தள்ளிட்டுப் போகும், வடகிழக்குக் காத்து வந்தா அது திரும்பும், பவளத் தீவுல இது வருஷா வருஷம் நடக்கிறது. அந்த மணல் எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் ஆச்சரியமா இருக்கும். ஆத்து மணல் இல்ல, பாறை தேஞ்ச மணல் இல்ல, கிளிமீன் இருக்குல்ல, கிளி மூக்கு மாதிரி வாய் வச்சிருக்கும், அது பவளப்பாறையக் கடிச்சு அரைச்சு பின்னாடி வெள்ளை மணலா விடும், உங்க தெரு மணல்ல பெரும்பங்கு அதோட வேலையா இருக்க நிறைய வாய்ப்பிருக்கு. முகமூடி போட்டுத் தண்ணிக்குள்ள தலைய விடுங்க, அது கடிக்கிற சத்தம் காதுல தெளிவா கேக்கும்.

மழைக்கிணறு:
மரத்தப் பத்தி நான் சொல்றேன். மழைத்தண்ணி மணல்ல இறங்கி, கீழ இருக்கிற உப்புத்தண்ணி மேல மிதக்குது, நல்லதண்ணி எடை கம்மி அதான். நடுத்தீவுல தடிமனா, ஓரத்துக்கு வர வர மெலிஞ்சு போயிடும். கணக்குப்படி நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நின்னா கீழ 40 அடி நல்லதண்ணி இருக்கணும், ஆனா சின்னத் தீவுல அலையேத்தம் உப்பக் கலக்கிவிடுறதால அவ்ளோ எல்லாம் கிடைக்காது. கரையில இருந்து உள்ள நடந்து பாருங்க, மரமே அதச் சொல்லும். ஓரத்துல தடிச்ச இலையோட ஒரு புதர், பூவப் பாதியாக் கிழிச்சுவிட்ட மாதிரி இதழெல்லாம் ஒரே பக்கம் இருக்கும், உப்புக்காத்த அது தாங்கும். அதுக்குப் பின்னாடி தாழை, தென்னை, அப்புறம் புன்னை, பூவரசு, நடுவுலதான் ஆலும் ஈரப்பலாவும். ரொம்ப பத்திரமாப் பாத்துக்க வேண்டிய தண்ணி அது, 2004 சுனாமில கடல் மேல ஏறி வந்து நிறையத் தீவுல கிணறு உப்பாயிடுச்சு.

அலைக்கோடு:
நெய்தல்வாசி சொல்றது சரிதான், ஆனா ஒண்ணு சேத்துக்கணும். மணல் சுத்தி வர்ற வழியில துறைமுகமோ தடுப்புச் சுவரோ கட்டினா அங்கேயே அது நின்னுடும், இல்லன்னா ஆழத்துக்குப் போயிடும், அப்புறம் திரும்பாது. அந்த மாதிரி இடத்துல வேர் தெரிஞ்சா அது நிஜமாவே அரிப்பு. மாலத்தீவுல பெரும்பாலான நிலம் கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் கூட இல்ல, அதனால இத சாதாரணமா விடக்கூடாது. உங்க கரையில கட்டுமானம் இருக்கா?

புதுக்கரை:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். துறைமுகம் மேற்குல இருக்கு, வேர் தெரியிற இடம் அதுக்கு வடக்கால. கிழக்குப் பக்கம் போனேன், மணல் நிஜமாவே ஏறித்தான் கிடக்கு, குச்சிக்கால் நண்டு ஓடுது. இன்னொண்ணும் பாத்தேன், சிமெண்ட் போட்ட மாதிரி சாஞ்ச பலகைப் பாறை தண்ணிக்குள்ள வரிசையாப் போகுது, அது யாராவது கட்டினதா?

அலைக்கோடு:
யாரும் கட்டல. கரை மணலே சுண்ணாம்பு பிடிச்சு இறுகிக் கல்லானது. முன்னாடி ஒரு காலத்துல கரை எங்க இருந்துச்சுன்னு அத வச்சு சொல்லலாம், அதனால அந்த வரிசை இப்பக் கரையில இருந்து எவ்ளோ தூரம்னு அளந்து போடுங்க. துறைமுகத்துக்கு வடக்க ஒரே இடத்துல நின்னு மாசம் ஒரு போட்டோ எடுத்து வைங்க, வடகிழக்குக் காத்து முடியிறப்ப மணல் திரும்புதா இல்லையானு தெரிஞ்சிடும்.